மயிரிழை

குலசேகரத்துக்கு மேற்கே டெல்பின் சாரின் விளையில்
ரப்பர் மூடு ஒன்றுதான் பாக்கி.
"ஒரு இடி இடி ஷிபு, பறிஞ்சிரும்" என்கிறார்
கையாலை மேல் நின்று, குடையை மடக்காமல்.

இடித்தால் மூடு அசையலாம்.
இஞ்சினும் கியர்பெட்டியும் கைகோத்த இடத்தில்
ஒரு மயிரிழையும் விழலாம்.
கிரீசுக்கும் சேற்றுக்கும் அடியில்
மூன்று மாதம் சத்தமில்லாமல் நடந்து
பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஒருநாள்
வண்டியை இரண்டாக்கிப் போடும்.

இந்தக் குட்டி டிராக்டரை நான் வாங்கியதே
அப்படி ஒட்டவைத்த தழும்போடு, பாதி விலைக்கு.
தினமும் காலையில் துடைத்துவிட்டு
விரலால் தடவுகிறேன்,
ஜெசிலாவின் ஆபரேஷன் தையலை
முதல்முறை தொட்ட அதே பயத்தில்.

இறங்கினேன்.
மண்வெட்டியால் சுற்றித் தோண்டி
பக்கவேர் நாலையும் கோடாலியால் அறுத்து
சங்கிலியைத் தாழப் பூட்டினேன்.
முதல் கியர்.
கிளட்ச்சை, தூங்கும் பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுவதுபோல விட்டேன்.

மூடு புரண்டது.
"இதுக்கா ரெண்டு மணிக்கூர்?"
வாடகையில் இருநூறு பிடித்துக்கொண்டார் சார்.

மழை தூறத் தொடங்கியிருந்தது.
குனிந்து பார்த்தேன்:
தழும்பின் நுனியில் ஆணியால் நான் கீறிய கோட்டை
அது இன்னும் தாண்டவில்லை.