இரண்டே முக்கால் பவுண்டு

விமானத்தில் நீளம் ஆகாதென்று
சொல்தா பென்ஷன் வாங்கும் கொழுந்தன் ழெரார்
ரீலைப் பெட்டியில் போட்டுக்கொண்டு
கோலை எங்களிடம் விட்டுப் பறந்தார்.
இரண்டு துண்டு, சேர்த்தால் பன்னிரண்டு அடி.
கார்பன் கறுப்பு.
பிடிக்கு மேலே பொன்னெழுத்தில்
இரண்டே முக்கால் பவுண்டு.

அருளப்பன் அதில் இரண்டு நாள் லுங்கி காயப்போட்டார்.

மூன்றாம் நாள் தையல் மிஷினை மூடிவிட்டு
நுனி வளையத்தில் நூல் கட்டி
அதில் மீன்காரியின் வில்தராசை மாட்டினேன்.
அவர் அடியைப் பிடிக்க, நான் இழுத்தேன்.
கோல் கால்வட்டமாய் வளைந்தபோது
முள் நின்றது ஒன்றேகால் கிலோவில்.
எழுதியிருந்தது பொய்யில்லை.
எந்தத் துணியையும்
குறுக்கே இழுத்துப் பார்த்த பிறகுதான்
நான் விலையே கேட்பேன்.

கடலூர் பஸ்ஸில் கோலுக்கு அரை டிக்கெட் கேட்டார் கண்டக்டர்.
அரியாங்குப்பம் பாலம் தாண்டும்வரை பேரம்.
தவளக்குப்பத்தில் அவரே இறங்கிவந்தார்:
"இதுல என்னக்கா மாட்டும்?"
கெண்டை.
"அட, அதைத்தான் மார்க்கெட்ல கூறுபோட்டு விக்கிறானே!"

முதுநகரில் துறைமுகம் போகும் வழி.
ஈயக் குண்டுகளுக்கும் தங்கூசிக் கண்டுகளுக்கும் நடுவே
நஜிமுதீன் ஒரு கடல் ரீலைத் தூக்கி வைத்தார்.
"வஞ்சிரத்தையே இழுக்கும்.
கெண்டை எம்மாத்திரம்?"
மாட்டினேன்.
அடியில் குடம் கட்டியதுபோல்
கோல் என் இடுப்பிலேயே உட்கார்ந்துவிட்டது.
இஞ்ச் டேப்பை எடுத்தேன்.
கோலின் முதல் வளையம்
ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றே மேல்.
ரீலின் வாயோ இரண்டே முக்கால்.
அத்தனை அகலச் சுருளாய்க் கிளம்பும் நரம்பு
அங்கே போய் மூக்கை இடித்துக்கொள்ளும்.

"டேய், புதுச்சேரியிலேர்ந்து
ரீலுக்கு ஜாக்கெட் தைக்க வந்திருக்காங்கடா,"
என்றார் கடைப்பையனிடம்.

அடுத்தது முட்டை அளவு.
நரம்பு நூறு மீட்டர்தான் கொள்ளும்.
பாகூர் ஏரியில்
ஒரு மீன் மனசு வைத்து ஓடினால்
முதல் மூச்சிலேயே
அச்சு தெரியும்.

அப்புறம் ஒன்றைத் துடைத்து எடுத்துவந்தார்.
"ஆறாயிரம்."
எழுந்துவிட்டேன்.
"அக்கா, அது சைஸ். விலை அதுல பாதி."

உட்கார்ந்தேன்.
ரீலுக்கு ஒரு சாண் மேலே
நடுவிரலில் கோலைக் கிடத்தினேன்.
முன்னால் போகப் பார்த்தது, பின்னால் வந்தது,
நின்றது.

பின்பக்கம் ஒரு தாழ்.
தட்டிவிட்டால் மீன் கேட்கிற நரம்பைக்
கேட்டபடி கொடுக்கும்.
கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால்
கொடுத்ததை மறந்துவிடும்.
முன்பக்கத் திருகை மட்டும்
அவரைத் தொடவிடவில்லை.
பாபின் கேஸ் திருகாணியோடு
பதினெட்டு வருஷம் குடித்தனம்:
கால் திருகு கூடினால் நூல் அறும்,
குறைந்தால் அடியில் சடை விழும்.
முதலில் ரீல் தளர வேண்டும்.
நரம்பு அறுவதும் கோல் ஒடிவதும்
அதற்குப் பிறகான பேச்சு.

குத்தகைக்காரரின் ஆளுக்கு ஐம்பது ரூபாய்.
எட்டு மணிக்குள் எழுந்துவிட வேண்டும்.
பிண்ணாக்கும் தவிடும் ரவையும் பிசைந்த உருண்டை
ஏரிக்குள் எங்கோ கரைந்துகொண்டிருக்கிறது.

கண்ணுக்குக் கெண்டை என்று சொன்னவர்கள்
வாயைப் பார்க்கவில்லை போல.
தடித்த உதடு, கீழே தொங்கி,
கடன் கேட்க வந்து
வாசலிலேயே தயங்கும் முகம்.
தயங்கட்டும்.
தாழைத் தட்டி வைத்திருக்கிறேன்.

ழெரார் வீடியோவில் வந்தார்.
அங்கே நடுராத்திரி; தூக்கமில்லையாம்.
"என்ன ரீல் போட்டே? காட்டு."
போனைத் திருப்பினேன்.
"ஆறாயிரமா? சின்னது, ரொம்பச் சின்னது.
என்னோடது பத்தாயிரம்,
அந்தக் கோலுக்கு..."

கிர்ர் என்றது.
ஒருமுறை. நின்று, பிறகு நிற்காமல்.

போனைக் கரைப் புல்லில் கவிழ்த்தேன்.
பத்தாயிரத்தைப் பற்றி
புல் கேட்டுக்கொண்டிருந்தது.