இறக்குமிடம்

ஐஸ் ஃபேக்டரியின் பின்சுவர்.
மூன்று பிளாஸ்டிக் நாற்காலி,
ஒன்றுக்குக் காலுக்குப் பதில் செங்கல்.
செல்போன் சர்வீஸ் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கணக்கு நோட்டின் கடைசித் தாளில்
சபீர் ஒரு கட்டம் போட்டான்.
இதுதான் முகப்பு என்றான்.
முகப்பில் அதற்குள் டீ கொட்டியிருந்தது.

கருவி, உள்ளங்கை அகலம்.
புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில்
பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே.
கம்பெனிக்காரன் கைகழுவி வருஷங்கள் ஆச்சு.
அதற்குப் பிறகும் ராத்திரி கண்விழித்து
யாராவது எதையாவது எழுதுகிறார்கள் அதற்கு:
பரங்கிப்பேட்டை மரைக்காயர் ஒருவர் தொழுகை நேரம்,
நெய்வேலியில் ஷிப்ட் முடிந்து ஒருத்தர் பரமபதம்,
தேவனாம்பட்டினத்துச் செங்கேணி
மீன் ஏலத்துக்குக் கூட்டல், கழித்தல், வகுத்தல்
(தப்பாய் அழுத்தினால் கருவியே திட்டும்).
எல்லாம் யார் யாருடைய பென்டிரைவிலோ கிடக்கிறது.
ஒன்று போன மாதம்
சட்டைப் பையோடு வாஷிங் மெஷினில் போய்வந்தது.
அதனால்தான் இந்தக் கூட்டம்.

திருட்டு ஆட்டம் ஒன்றுகூட ஏறக் கூடாது,
செய்தவரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது.
முதல் விதி. பெர்னதெத் சொல்ல நான் எழுதினேன்.
ஓடாததை ஓடுமென்று போடக் கூடாது, இரண்டாவது.
மூன்றாவதுக்குள் பரோட்டா வந்துவிட்டது.

பிறகு எழுத்துச் சண்டை.
எட்டுக்கு எட்டுப் புள்ளி, அதற்குள் ஒரு எழுத்து.
'ட' காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறது.
'ப' கூரை கேட்காமல் சமர்த்தாய் இருக்கிறது.
'ணொ' வருகிறாள் பார்,
முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால்,
அவளே மூன்று சுழி.
சரி, அவளுக்கு மூன்று சீட்டு என்றாள் பெர்னதெத்.

அடுத்தது பொத்தான்.
பதிவிறக்கம் என்றால்
பத்திர ஆபீஸ் வாசனை அடிக்குது என்றான் சபீர்.
டவுன்லோடு, திரையின் ஓரத்தில் இடித்துக்கொண்டது.
சுவருக்கு அந்தப் பக்கம் லாரி வந்து நின்றது.
ஐஸ் பாளம் பலகையில் சறுக்குகிற சத்தம்.
'எறக்கு... எறக்கு... பாத்து எறக்கு.'
யாரும் ஒன்றும் பேசவில்லை.
பெர்னதெத் என் பேனாவைப் பிடுங்கி எழுதினாள்:
இறக்கு. நாலே கட்டம்.
எதிர்ப் பொத்தானுக்கு ஏற்று, மூன்று.
'பாத்து' என்பதற்குத்தான் இடமில்லை.

பதினொரு மணிக்கு மேல் அந்தக் கார்டை எடுத்தேன்.
சந்தையில் வாங்கிய கருவிக்குள்ளேயே இருந்தது.
ஒரு ஆட்டம்.
உப்பனாறு மாதிரி ஒரு தண்ணீர், ஒற்றைப் படகு,
பாலத்துக்கடியில் ஏறிக்கொண்டே வரும் நீர்மட்டம்.
குனிய ஒரு பொத்தான். நிமிரத் தனிப் பொத்தான்.
ஐந்தாவது பாலத்தோடு நின்றுவிடுகிறது.
கோப்பின் அடியில் ஒரு வரி:
'இன்னும் ரெண்டு பாலம் பாக்கி. லீவுக்குள்ள முடிச்சிடணும்.'
பேர் இல்லை.
தேதி, கருவியின் கடிகாரத்தை நம்பலாமென்றால்,
தானே புயலுக்கு இரண்டு நாள் முன்னால்.

போடுவோம், நாலு பேர் ஆடட்டுமே என்றான் சபீர்.
பெர்னதெத் நோட்டைப் புரட்டி முதல் விதியைக் காட்டினாள்.
கையெழுத்து என்னுடையது.
பரோட்டா ஆறிப்போனது.

கடைசியில் அதற்கும் ஒரு பக்கம் கொடுத்தோம்.
படம் உண்டு.
அளவு உண்டு, நூற்றுப் பன்னிரண்டு கேபி.
செய்தவர் என்ற இடத்தில் வெறும் கோடு.
இறக்கு மட்டும் கிடையாது.
பொத்தான் இருக்க வேண்டிய கட்டத்துக்குள்
சபீர் பொடி எழுத்தில் எழுதினான்:
நீங்கதானா? லீவு இன்னும் இருக்கு.

போகிற நேரத்தில் வாடகை ஞாபகம் வந்தது.
தளத்துக்கு வருஷத்துக்கு எண்ணூறு, ஆள் மூன்று.
செங்கேணியின் கணக்கில் போட்டு வகுத்தோம்.
இருநூற்று அறுபத்தாறு புள்ளி
ஆறு ஆறு ஆறு ஆறு
திரையின் விளிம்புவரை ஆறு.
பாலம் ஒன்றும் காணோம்.