மூன்றாம் பணி

"நாங்கள் சோதிப்பது மென்பொருளைத்தான்,
உங்களை அல்ல."
ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லித்தான் தொடங்குவேன்.
யாரும் நம்புவதில்லை.
யாத்விகாவும் நம்பவில்லை.
கோட்டைக் கழற்றாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்,
பல் பிடுங்க வந்தவள் போல.

வ்ரோத்ஸ்வாவில் பிப்ரவரி.
வெளியே ஓடர் ஆற்றின் மேல் சாம்பல் நிறப் பனி.
டிராம் பணிமனையில்
எந்த வண்டி எந்த ஓட்டுநருக்கு என்று
பத்தொன்பது வருடமாகப் பிரித்துக் கொடுப்பவள்.
கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்
டிமோனும் கலினாவும், அவர்களுடைய காப்பியும்.

முதல் பணி முடிந்தது.
இரண்டாவதில் ஒரு சிக்கல்:
சோதனைக்காகக் கலினா இட்ட பெயர்கள்
ஊழியர் ஒன்று, ஊழியர் இரண்டு.
"இந்த ஊழியர் இரண்டுக்கு வீடு எங்கே?
தூரமென்றால் முதல் வண்டி கொடுக்கக்கூடாது."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது:
"நாளைய பணிப்பட்டியலை உங்கள் குழுவோடு பகிருங்கள்."

அம்பு போகிறது, நிற்கிறது, திரும்பி வருகிறது.
மூலையில் மூன்று புள்ளிகள், ஒன்றின்மேல் ஒன்றாக.
அவற்றுக்குள்தான் எல்லாம் இருக்கிறதென்று
அவளுக்கு யார் சொல்வது?
நான் சொல்லக்கூடாது. அதற்குத்தான் சம்பளம்.
தண்ணீரில் தத்தளிப்பவர் பக்கத்தில் நின்று
நொடி எண்ணுகிற உத்தியோகம்.

"நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்றேன்.
சொன்னாள்:
"மன்னிக்கவும்."
பிறகு, "மன்னிக்கவும், நான் கொஞ்சம் மந்தம்."
நீளமாக ஒரு மௌனம்.
எப்படியோ ஒரு பொத்தான் அகப்பட்டது.
திரை முழுக்க வண்ணக் காகிதத் துணுக்குகள் கொட்டின.
பகிரப்பட்டது! வாழ்த்துகள்!

வாழ்த்தை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.
"பகிர்வதென்றால் பங்கு போடுவதுதானே?
ரொட்டியைப் பகிர்ந்தால்
என் தட்டில் குறையும், எதிரே வாய் அசையும்.
இங்கே எனக்கும் குறையவில்லை,
யாரும் மெல்லுகிற மாதிரியும் தெரியவில்லை.
யாருக்குப் போயிற்று?"

யாருக்கும் போகவில்லை.
குழு என்று அவள் தொட்டது வெறும் கோப்புறை.
அதற்குள் அவள் மட்டும்தான் இருந்தாள்.

குறித்தேன்: நான்கு நிமிடம், பன்னிரண்டு நொடி. தவறுகள் மூன்று.
மன்னிப்புக்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் கோடு கோடாகப் போட்டு வைத்தேன்.
பதினொன்று.

கடைசிக் கேள்வி.
இதை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா, பத்துக்கு எத்தனை?
"ஒன்பது."
என் பேனா நின்றது.
"ஏன் ஒன்பது?" இதைக் கேட்க எனக்கு அனுமதி உண்டு.
கண்ணாடிச் சுவரைப் பார்த்தாள்.
இந்தப் பக்கத்திலிருந்து அதில் அவரவர் முகம்தான் தெரியும்.
குரலைத் தாழ்த்தினாள்:
"சின்னப் பிள்ளைகள் செய்திருப்பார்கள்.
நான் குறைத்துப் போட்டு
யாருக்காவது வேலை போய்விட்டால்?"

ஒலிவாங்கிக்கு அது கேட்கவில்லை.
ஒன்பது மட்டும் அந்தப் பக்கம் எட்டியிருந்தது;
மெல்லிய கைதட்டல்.

நூறு ஸ்லாட்டிக்கு ஒரு கூப்பன். ஒரு கையெழுத்து.
மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் கைப்பேசியை எடுத்தாள்.
"காட்ஸ்பெர்? நாளைக்குப் பதினேழாம் நம்பர் உனக்கு, நாலரைக்கு.
பாலத்துக்கிட்ட தண்டவாளம் உறைஞ்சிருக்கு, மெதுவாப் போ.
எங்க, திருப்பிச் சொல்லு."
சொன்னான் போல. வைத்துவிட்டாள்.
பழக்கதோஷம், எண்ணியிருந்தேன்:
பதினான்கு நொடி.

அறிக்கையில் ஒன்பதையும் எழுதினேன்,
பதினொன்றையும் எழுதினேன்.
டிமோன் ஒன்பதைப் பெரிதாக்கிப் படம் போட்டான்.
"அந்த வயதினர் நம் இலக்கே இல்லை" என்றாள் கலினா.
அவளுக்கும் அந்த மூன்று புள்ளிகள் பிடிக்காது; சொல்லமாட்டாள்.

முழு அறிக்கையையும் அதே மென்பொருளில்
எங்கள் குழுவோடு பகிர்ந்தேன்.
வண்ணத் துணுக்குகள் கொட்டின.
மதியத்துக்குள் ஏழு கட்டைவிரல்கள் நிமிர்ந்தன.
மூன்று புள்ளிகளைத் தொட்டு,
உள்ளே போய், இன்னும் உள்ளே போய்ப் பார்த்தேன்.
கோப்பைத் திறந்தவர்: ஒருவர்.

அது நான்.