ஆறாவது ரீல்

சுங்கை சுமுனில் அப்போது கொட்டகை இல்லை.
கொப்பரைக் கிடங்கில் மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி
துணி கட்டினோம்.
ஆளுக்கு ஐம்பது காசு.
மூட்டைமேல் ஏறும் பிள்ளைகளுக்கு ஓசி.
காறல் எடுத்த எண்ணெய் வாடையில்
ஆந்திரத்துக் கோர்ட்டு ஒன்று
கருப்பு வெள்ளையில் எழுந்து நின்றது.

தெலுங்குப் படம்.
பாதிப் பேர் தெலுங்கு ஜனம், சிரிக்கிற இடத்தில் சிரித்தார்கள்.
மீதிப் பேர் அவர்கள் முடித்தபின் சிரித்தார்கள்.
அதற்குத்தான் அப்பாயம்மா.
மூன்றாம் வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்து
திரையில் ஒரு வாய் திறந்தால்
தன் வாயில் தமிழாக மூடுவாள்.
வக்கீலுக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல்,
டவாலிக்குக்கூடத் தனியாக ஒரு கமறல்.
கூலி, டிக்கெட் இல்லை, ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே.

கதை பெரிய கதையில்லை.
அண்ணன், தம்பி, ஒரே உலை.
அண்ணி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த நிலம்,
அதை விற்ற பத்திரம்.
சாட்சிக் கூண்டில் அண்ணி.
நீதிபதி தாளைத் தூக்கிக் காட்டுகிறார்:
“அம்மா, இது உங்கள் கையெழுத்தா?”

ஐந்தாவது ரீல் அங்கே முடியும்.
ஆறாவது டப்பாவைத் திறந்தேன். காலி.

ஜெனரேட்டர் ஓடுகிறது, துணி வெறும் வெள்ளை.
விசில். தொட்டி ஒன்று பறந்து வந்து விழுந்தது.
“காசைக் குடுடா” என்றார் கிராணி தேவசகாயம்,
அவர் காசு கொடுத்து வந்தவரில்லை.
நான் வேனுக்கு ஓடினேன்.
வேன் கதவோரம்தான் நின்றது,
அதனால் எல்லாம் கேட்டது.

“இல்லீங்க” என்றாள் அப்பாயம்மா,
அண்ணியின் குரலில்.
விசில் நின்றது.
“என் கையெழுத்து இல்லீங்க எசமான்.
எழுதினது கொழுந்தன்.
மை புட்டியைத் திறந்து குடுத்தது என் புருஷன்.
நான் அடுப்படியில் இருந்தேன்,
மீன் கழுவிக்கிட்டு.
மூடியைத் திருகுற சத்தம் கேட்டுச்சு.
பாரிட் எட்டில ரெண்டு ஏக்கர் தென்னை,
எங்கப்பா நட்டது.”

படத்தில் கோதாவரிக் கரை, நெல் வயல்.
பாரிட் எட்டு இங்கே,
சைக்கிளில் போனால் கால் மணி நேரம்.

யாரும் இருமவில்லை.
பின்சுவரில் சாய்ந்திருந்த சிம்மாசலம்
சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான்,
அணைந்த பிறகும் மிதித்தான்.
அவன் தம்பி இருந்த இடத்தில்
நாற்காலி மட்டும் இருந்தது.

பதினோரு தோட்டத்தில் அந்தப் படத்தை ஓட்டியவன் நான்.
ஆறாவது ரீலில் அண்ணி சொல்வது வேறு.
“என் கையெழுத்துதான்” என்பாள்,
குடும்பம் நாறக்கூடாது என்று.
தம்பி காலில் விழுவான்.
பதினோரு தோட்டத்திலும்
பெண்கள் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்கள்.

டயருக்கு அடியில் கை விட்டேன்.
தகரம் தட்டுப்பட்டது. உருண்டை. கனம்.
அதன்மேல் சாக்கை இழுத்துப் போட்டு மூடிவிட்டு
வெறுங்கையோடு உள்ளே வந்தேன்.

“ஜட்ஜு என்னம்மா சொன்னாரு?”
யாரோ ஒரு பெண்ணின் குரல், இருட்டிலிருந்து.
அப்பாயம்மா வெள்ளைத் துணியையே பார்த்தாள்.
“எழுதிக்கிட்டிருக்காரு.”

ஏழாவதை மாட்டினேன்.
வாழையிலை போட்டு எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.
தம்பிக்கு அண்ணி நெய் ஊற்றுகிறாள்.
அப்பாயம்மா கச்சாங்கை ஒவ்வொன்றாகத் தின்றாள்,
ஒரு சொல்லும் மாற்றிச் சொல்லவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.
காசையும் திருப்பிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று
எனக்குத் தெரியாது.
அடுத்த முறை போனபோது
கிடங்கு நிறையக் கொப்பரை.

ஈப்போ ஆபீஸில் ஐந்து வெள்ளி பிடித்தார்கள்.
‘ரீல் ஓட்டாதது, அலட்சியம்’ என்று
நான் எழுதிக் கொடுத்த தாளை
மேனேஜர் தூக்கிக் காட்டினார்:
“இது உன் கையெழுத்துதானா?”

ஆமாம் என்றேன்.