பன்குளத்தில் பனிக்காலணி

கார்கோ பெட்டிக்குள் சொக்லேட், மீனெண்ணெய்,
யாரோ பாவித்த ஜக்கெட் இரண்டு.
ஜக்கெட்டுக்குள் சுற்றியபடி
இறால் கூடையை ஏறி மிதித்ததுபோல்
தட்டையாய் ஒரு சோடிச் சாமான்.
"நுளம்பு அடிக்கிற மட்டை," என்றாள் றிபாயா.
"பற்றரி போடுற இடத்தைப் பார்."

இரவு தர்மினியின் குரல்பதிவு வந்தது.
லில்லஹாமருக்கு மேலே, மரவீட்டில் மூன்று நாள்.
குழாய் இல்லை, பனியை அள்ளிக் கேத்தலில் உருக்கினார்களாம்.
ஒரு கேத்தல் பனிக்கு
அரைக் கோப்பைத் தண்ணீர்.
"பின்னால ஒரு சத்தம் கேக்குதா? நான் நடக்கிறன்."
கேட்டது.
அப்பளம் நொறுக்கிக்கொண்டு
யாரோ மலையேறும் சத்தம்.
"பாரத்தைப் பரத்திவிட்டாப் பனி விழுங்காதடி.
அவ்வளவுதான் வித்தை."

எங்களுக்குப் பனி என்றால்
தலையில் துவாய் போடச் சொல்லும் விடியற்காலை.
மற்றது, துறைமுகத்து ஐஸ் ஆலையில்
உமி ஒட்டிச் சறுக்கி வரும் கட்டி.
ஆனால் வாடை எங்களுக்கும் உண்டு.
மார்கழியில் கடல் கறுக்கும்.
உப்புவெளியில் தோணிகள் குப்புறப் படுக்கும்,
வெள்ளைக்காரர் ஒருவரும் வராத ஹோட்டல்களில்
நாய்கள் கதிரையில் தூங்கும்.
அந்த மாதம் பார்த்துத்தான் நில அளவைத் திணைக்களம்
பன்குளத்துக்கு அப்பால், மலையடியில்
பழைய எல்லைக்கல் ஒன்றைத் தேடி
எங்கள் இருவரையும் அனுப்பியது.

குளத்தின் வால் முழுக்கச் சேறு.
மூன்றாம் அடியில் றிபாயாவின் இடது சப்பாத்து போனது.
தோள்வரை கைவிட்டுத் துழாவினோம்.
சேறு ஒரு ஏப்பம் விட்டது,
சப்பாத்தைத் தரவில்லை.

பகிடிக்குத்தான் ஜீப்பில் போட்டிருந்தோம் அதை.
வார் இறுக்கி, தாராபோல் அகட்டி
நான் முதலில் இறங்கினேன்.
சேறு என்னைச் சற்று யோசித்தது,
பிறகு போகவிட்டது.
சோடி ஒன்று, ஆள் இரண்டு.
அளவுநாடாவில் கட்டி, அக்கரையிலிருந்து அவள் இழுத்தாள்.
முப்பத்தொரு மீற்றர்.
அன்றைக்கு நாங்கள் பிழையில்லாமல் அளந்தது
அது ஒன்றுதான்.

தர்மினி,
உன் மரவீட்டில் பனி சத்தமில்லாமல் விழும் என்றாய்.
எங்களுடையது தகரக் கொட்டில்.
ஒருத்தி சொல்வது மற்றவளுக்குக் கேளாத மழை.
சைகையால் தீப்பெட்டி கேட்டேன், அவள் உப்பைத் தந்தாள்.
சீனி கரைந்து பையோடு ஒட்டியிருந்தது.
பையை நக்கி நக்கிப் பிளேன்ரீ குடித்தோம்.
மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் நாலு காலுறை
வௌவால்களாய்த் தொங்கின.

நடுச்சாமம் மழை விட்டதும்
வெளியே கிளையொன்று முறிந்தது.
அவள் என் கையைப் பிடித்தாள்,
அல்லது நான் அவளுடையதை.
ஐந்து வயதில் இப்படி ஒரு காட்டில்
நான் பிடித்திருந்தது யாருடைய கை என்று
இன்றுவரை தெரியாது.
அதை அவளுக்குச் சொல்லவில்லை.
கையை எடுக்கவுமில்லை.

விடிந்ததும் கரையோரம் போய்ப் பார்த்தோம்.
எங்கள் வலைப்பின்னல் தடத்துக்கு
ஒரு சாண் தள்ளி
சுளகளவில் வட்டம் வட்டமாய்
இன்னொருவர் நடந்து போயிருந்தார்.
எத்தனை ஆயிரம் கிலோவோ,
அவரும் பரத்தித்தான் வைத்திருக்கிறார்.
"சப்பாத்தும் விடாமல்," என்றாள் றிபாயா.

கன்னியாவுக்கு வந்தபிறகே சிக்னல் கிடைத்தது.
படத்தை அனுப்பிவிட்டு டிக்கெட் எடுத்து
ஏழு கிணற்றிலும் வாளி வாளியாய் ஊற்றினோம்.
எதன் சூடு கூட என்று
எங்களுக்குள் சண்டை வந்தது.
குளிர் முதலில் போனது,
சேறு பிறகு,
நகத்துக்குள் இருந்தது மட்டும் எங்களோடு வீட்டுக்கு வந்தது.

தர்மினியின் பதில் ஒரே வரி:
"இதில எது உன்ர கால்?"

றிபாயா ஒற்றைச் சப்பாத்தோடு ஜீப்பில் ஏறி
அறிக்கையை மடியில் வைத்து எழுதினாள்:
எல்லைக்கல் காணப்படவில்லை.
சேற்றுக்குக் கீழே இருக்கலாம்.