விட்ட இடத்திலிருந்து

வெள்ளிக்கிழமை, ஜூன் முப்பது, ஐந்தடிக்கப் பத்து நிமிடம்.
வடக்கு டகோட்டாவில் கோதுமை முழங்கால் உயரம்.
சாட்சி நாற்காலியில் ஹால்வர் ட்வெட்டன்.
கேள்வி: "அந்த வாய்க்காலை இரவில் வெட்டியது யார்?"
வாயைத் திறந்தார்.
தண்ணீர் கேட்டார்.
விசாரணை அதிகாரி கார்லா வொய்ட்டெக்
கடிகாரத்தைப் பார்த்துத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்தார்.
என் சுருக்கெழுத்து நோட்டில்
கேள்விக்குறியோடு நின்றது வரி.

அன்று நள்ளிரவோடு வடிகால் வாரியம் இல்லை.
ஏப்ரலிலேயே முடிவானது.
வேலை வேளாண்துறைக்கு,
நாற்காலிகள் வேளாண்துறைக்கு,
எலி கடித்த கோப்புகள், பாதி தீர்ந்த மைப்புட்டி,
நானும்.

சனிக்கிழமை ஒருவன் வந்து
கண்ணாடிக் கதவில் வாரியத்தின் பெயரை
சவர பிளேடால் சுரண்டினான்.
எழுத்து போயிற்று.
எழுத்து இருந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிடச் சுத்தம்.
வாசிக்க முடிந்தது.

திங்கள் காலை ட்வெட்டன் டை கட்டி வந்தார்,
வார இறுதியில் யாரோ சொல்லிக்கொடுத்த தைரியத்தோடு:
"அம்மா, நான் சத்தியம் செய்தது அந்த வாரியத்திடம்.
அது செத்துவிட்டது."
பின்வரிசையில் ஹெல்மா ஷ்டைகர்,
நாற்பது ஏக்கரைத் தண்ணீருக்குப் பறிகொடுத்தவர்,
கைப்பையைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

கார்லா புத்தகத்தைப் புரட்டவில்லை.
"பழைய வாரியத்தின் பெயர் வரும் இடமெல்லாம்
புதிய துறை என்று வாசித்துக்கொள்ள வேண்டும்.
கொடுத்த உரிமம் கொடுத்ததே.
விதித்த அபராதம் விதித்ததே.
தொடங்கிய விசாரணை, விட்ட இடத்திலிருந்து.
நீங்கள் செய்த சத்தியம் இன்னும் உங்கள் மேல்தான் இருக்கிறது."

எனக்கு இது புதிதல்ல.
விவாகரத்தாகிப் பழைய பெயருக்குத் திரும்பியவள் நான்.
வாழ்த்து அட்டைகள் வழிதவறின.
வங்கிக் கடன் மட்டும்
இரண்டு பெயரிலும் என்னைக் கண்டுபிடித்தது.

"கேள்வியை மறுபடி வாசியுங்கள்," என்றார் கார்லா.
வாசித்தேன்.
வெளியே ஏதோ லாரி பின்னால் வந்துகொண்டே இருந்தது,
அந்தச் சத்தம் நிற்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

ட்வெட்டன் தண்ணீர் கேட்கவில்லை.
"வெட்டியது என் மகன்.
நான் விளக்குப் பிடித்தேன்."

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே
எப்போதும் விடும் அதே ஒரு வரி இடைவெளி விட்டேன்.
முகப்பில் எந்தப் பெயர் என்று கேட்க மறந்துபோனது.
பழைய தாள் இன்னும் ஒரு கட்டு மீதமிருந்தது.
அதிலேயே அடித்தேன்.