கோப்பையின் அடிப்பக்கம்

இரவுச் சாப்பாடு முடிந்து
கோப்பைகள் கழுவிக் கவிழ்த்த பிறகுதான்
குசினி மேசை எனக்குக் கிடைக்கும்.
ஒன்பதரை இருக்கும்.
மெழுகுத்துணியில் இன்னும் சொதி மணக்கும்.

கவிழ்ந்த கோப்பையில் மெல்லிய தாளை விரித்து
பென்சிலைச் சரித்து, அழுத்தாமல்,
காய்ச்சல்காரர் நெற்றியில் தைலம் தடவுவதுபோலத்
தேய்த்துக்கொண்டே போனால்
கீறல்கள் எழும்பி வரும்:
சாம்பலும் தும்பும் சுற்றின வட்டங்கள்,
தம்பி கோபத்தில் எறிந்த நாளின் நெளிவு.

திருவலைப் பல்லில் தாள் கிழிந்தது.
கிழிசலையும் வைத்துக்கொண்டேன்.
நீத்துப்பெட்டி நன்றாக வந்தது,
அளவுக்கு மிஞ்சி நன்றாக.
அதை ஒளித்துவிட்டேன்.

"கரி போக்க நாங்கள் படுற பாடு,
நீ இருந்து கரி பூசுறாய்" என்றாள் சின்னம்மா.

பதினோராவது கோப்பையில்
ஊசிப் புள்ளியால் வெட்டின எழுத்து:
கோ. இ.
எங்கள் வீட்டில் கோவன்னாவில் ஒருவரும் இல்லை.
அது அப்பாவின் கோப்பை.
முப்பது வருஷமாய் அவர் குழைத்த சோற்றுக்கு அடியில்
ஆரோ ஒருவரின் பேர் படுத்திருந்திருக்கிறது.

கேட்டேன்.
"தொண்ணூற்றைஞ்சு. கொடிகாமம்.
ஒரு பள்ளிக்கூடத்தில இருபது குடும்பம், ஒரு கிணறு.
எல்லாரும் ஒரு இடத்திலதான் கழுவினது."
மீன்முள்ளை ஓரத்தில் வைத்தார்.
அதற்குமேல் கதையில்லை.

கஸ்தூரியார் வீதியில் மூடிக்கிடந்த ஒரு கடையில்
பதினேழு தாள்களைத் தொங்கவிட்டேன்.
அன்றைக்கென்று மழை.
வந்த சனம் படம் பார்க்கிறமாதிரிப் பார்க்கவில்லை,
மூக்கு முட்டக் கிட்டப் போய்
எழுத்துத் தேடியது.

"கோணாமலை இராசலிங்கம். எங்கட ஐயா" என்றார் ஒருவர்.
"கோசலையும் இளையதம்பியும்,
கலியாணத்துக்கு வெட்டினது" என்றது மூளாய்ச் சோடி.
குடை மடக்காமலே ஒருவர் தீர்ப்புச் சொன்னார்:
"கோயில் இருப்பு, தங்கச்சி. அம்மன்ர சாமான்.
வீட்டில வைச்சிருக்கக் கூடாது."

நான் எல்லாரையும் நம்பினேன்.

ஒரு பெண் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.
தாளுக்கு ஒரு சாண் தள்ளி விரலை நீட்டி
புள்ளிகளை எண்ணினாள், உதடு அசைய.
பாதியில் நிறுத்தி
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.
அப்பா புட்டுக்குக் கறி விட்டுக்கொண்டிருந்தார்,
அதே கோப்பையில்.
"அம்மனோ ஆரோ, வேணுமெண்டவை வரட்டும்.
நான் திண்டு முடிக்கட்டும்."
கோப்பையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தார்.

மெழுகுத்துணியில்
அரை வட்டமாய் ஈரம்.

தாள் எடுக்க எழும்பினேன்.
பிறகு
எனக்கும் பசித்தது.